ரெகுலேட்டரின் பதினைந்து நிமிஷம்

உலகத்திலேயே காற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன ஒரே மனிதர் எங்கள் ரெகுலேட்டர்தான். சத்தியமாகச் சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள்.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிஷ நடையில் ஓர் அரசாங்க ஆபீஸ். எந்த டிபார்ட்மென்ட் என்று சொல்ல மாட்டேன். பாவம், பிழைத்துப் போகட்டும். ஓட்டுக் கட்டடம், ஒரே ஹால், ஏழு மேஜை, ஒரே ஒரு சீலிங் ஃபேன். ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு குமிழ், ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். எங்கள் ஹெட் கிளார்க் காலையில் வந்ததும் பையிலிருந்து அந்தக் குமிழை எடுத்து மாட்டி இரண்டில் வைப்பார். சாயங்காலம் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நடுவில் கொல்லைப்பக்கம் போனாலும் குமிழ் கூடவே போகும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ரெகுலேட்டர்.

"ரெண்டு போதும்" என்பார். "மூணு வெச்சா தூக்கம் வரும். நாலு வெச்சா பேச்சு வரும். அஞ்சு வெச்சா அரசாங்கமே பறந்துடும்."

நான் அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அப்பா வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்த வேலை. வீட்டில் இடுப்பு விழுந்து படுத்த அம்மா, பள்ளிக்கூடம் போகிற தம்பி, தங்கை. இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அதற்குள் ஏதாவது புகார் எழுதிவிட்டால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம் நாலு பேரும் என்ன செய்வோம்? இந்தப் பயத்தோடுதான் நான் தினமும் ரயில் ஏறினேன்.

ரயிலா அது! எங்கள் ஊரப்பாக்கம் அப்போது வயலும் ஏரியுமாக இருந்த ஊர். பஸ்காரர்கள் எங்கள் ஸ்டாப்பைப் பார்த்தால்தான் வேகமே எடுப்பார்கள். சமைத்து வைத்து, அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கூடுவாஞ்சேரி வரை நடந்துபோய் ரயிலைப் பிடிப்பேன். ஒன்பதே முக்காலுக்குச் செங்கல்பட்டு சேர வேண்டிய வண்டி, கொளவாய் ஏரிக்கரையில் சிக்னலுக்காக நின்றுவிடும். ஏரியில் கொக்கு மீன் பிடிப்பதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கலாம். பத்து பத்துக்கு பிளாட்ஃபாரம். அங்கிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டம்.

ஆபீஸ் பத்து மணிக்கு. ரெகுலேட்டரின் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெண்டுலம் கடிகாரம். அதற்குச் சாவி கொடுக்கிற உரிமையும் அவருக்குத்தான். சாவி அவர் அரைஞாணில் தொங்கும். திங்கட்கிழமை காலையில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வேட்டியைத் தளர்த்தி, சாவியை எடுத்துக் கொடுப்பார். அப்போது ஹாலில் யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. கடிகாரத்தில் பத்து பத்து ஆனதும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் லேட்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று நாள் நான் கோட்டுக்குக் கீழே. மெமோ கொடுத்துவிட்டார்.

"சார், ரயில் லேட்டு சார்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "ரயிலைக் கட்டுப்படுத்த முடியாதவங்க தன்னையாவது கட்டுப்படுத்திக்கணும்மா. அழுகையை முதல்ல நிறுத்துங்க. இன்னொரு மெமோ வந்தா உங்க ப்ரொபேஷன் போயிடும், தெரியுமில்ல?"

அன்று திரும்பி வரும்போது ரயிலில் அந்த மனிதரை நான் திட்டியதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஆனால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. நான் மூச்சிரைக்க ஓடி வந்தால் சுவரில் மணி பத்து மூன்று. மறுநாள் பத்து நாலு. அதற்கு மறுநாள் பத்து இரண்டு! ஒரு நாள்கூட சிவப்புக் கோடு என்னைத் தொடவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு நேரம் ஏது? ரயில் திருந்திவிட்டது, என் ஓட்டமும் தேறிவிட்டது என்று முடிவு கட்டி, ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையாருக்குக் கற்பூரம்கூட ஏற்றினேன்.

வேலை ஓரளவு பழகியதும்தான் ரெகுலேட்டரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்க, அட, இப்படியும் ஒரு பிறவியா என்று ஆகிவிட்டது.

கத்திரி வெயிலில் ஒரு நாள் குமிழ் வரவில்லை. முந்தின நாள் போட்டிருந்த சட்டையோடு வெளுக்கப் போய்விட்டது. வண்ணாரோ படாளத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வர இரண்டு நாள் ஆகும். குமிழ் இல்லாத வெறும் கம்பி சுவரில் துருத்திக்கொண்டிருந்தது. பியூன் மாணிக்கம் சும்மா இருப்பாரா? ஐம்பது வயது, வாய் மட்டும் இருபது. குறடு ஒன்றை எடுத்துவந்து கம்பியைப் பிடித்து ஒரு திருகு திருகினார். ஃபேன் நேராக ஐந்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் திருகினாலும் ஐந்து, அந்தப் பக்கம் திருகினாலும் ஐந்து.

"இன்னா காத்து! இன்னா காத்து! கடலாண்ட குந்திகினு இருக்கற மாதிரி கீது!" என்று மாணிக்கம் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் சொர்க்கம். அப்புறம் காகிதங்கள் கிளம்பின. மனுக்கள், ரசீதுகள், ஆபீசரின் டூர் புரோகிராம், எல்லாம் ஜன்னல் வழியாக வரிசையாக வெளியேறின. நானும் மாணிக்கமும் வேலியோரம் ஓடி ஓடிப் பொறுக்கினோம். ஒரு மனுவை ஆடு ஒன்று பாதி தின்றிருந்தது. மீதியில் கையெழுத்து இருந்ததால் அதையும் ஃபைலில் சேர்த்தோம். ஃபேனை அணைத்தால் வேகிறது, போட்டால் பறக்கிறது. இரண்டு நாளும் காகிதத்தின் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். இத்தனைக்கும் நடுவில் ரெகுலேட்டர் தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலைமுடி மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் வெளுத்த குமிழோடு வந்து மாட்டி, இரண்டில் வைத்தார். "பார்த்தீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

ஃபேனை விடுங்கள். மனசைப் பற்றி அவர் வைத்திருந்த கொள்கை அதைவிடப் பெரிது. "மனசுங்கறது நமக்குக் கீழே வேலை பார்க்கற ஊழியன்மா. கண்ணை மூடினா தூங்கும், திறந்தா ஊர் சுத்தும். அதுக்கு அப்பப்போ மெமோ குடுத்துக்கிட்டே இருக்கணும்." இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கொடுப்பார். தனக்குத் தானே.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் ஆபீசர் நாற்காலியிலேயே தூங்கிப்போய், தூக்கத்தில் "சாம்பார் ஊத்து" என்று உரக்கச் சொன்னார். உடனே மாணிக்கம் ஓடிப்போய் விறைப்பாக நின்று, "எவ்ளோ ஊத்தணும் சார்?" என்று கேட்டார். ஹாலே அடக்கிக்கொண்டு குலுங்கியது. ரெகுலேட்டர் மட்டும் 'ஹக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு டைப் அடிக்கச் சொன்னார்: நேற்று பிற்பகல் மூன்று பத்து மணியளவில் அலுவலக நேரத்தில் சத்தமாகச் சிரித்தது குறித்து விளக்கம் தரவும். பெறுநர், ஹெட் கிளார்க். அனுப்புநர், ஹெட் கிளார்க்.

"சார், ரெண்டும் நீங்கதானே சார்?"

"அடிங்கம்மா."

சாயங்காலம் விளக்கமும் அடித்தேன்: கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, இனி நேராது. அதன் கீழேயே தீர்ப்பு: விளக்கம் திருப்திகரமாக இல்லை, ஒரு நாள் வெற்றிலை நிறுத்தம். மறுநாள் மேல்முறையீடு செய்தார். அதையும் அவரே தள்ளுபடி செய்தார். எல்லாவற்றையும் நாடா கட்டி ஒரு தனி ஃபைலில் வைத்துப் பூட்டினார்.

தும்மலைப் பற்றிக் கேளுங்கள். தும்மல் ஒரு கெட்ட பழக்கம் என்பது அவர் கட்சி. வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்துவிடுவார். டீ இன்னொரு கூத்து. மூன்றரைக்கு எல்லாருக்கும் டீ வரும். அவரும் ஒன்று வாங்கி எதிரே வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அதையே பார்ப்பார். ஏடு கட்டி, ஆறி, ஈ ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போகும். அப்புறம் "மாணிக்கம், எடுத்துக்கோ" என்று தள்ளிவிடுவார். ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார்.

"இன்னா சார் இது, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துகினு இருந்துட்டு, வாணான்றியே?" என்பார் மாணிக்கம், டீயை ஒரே மடக்கில் காலி செய்துகொண்டே.

இந்த மகா கட்டுப்பாட்டுக்காரர் வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு தடவை ஃபைல் கொடுக்க மேட்டுத் தெருவில் அவர் வீட்டுக்குப் போன மாணிக்கம் வந்து சொன்னார்: "உள்ளருந்து அந்தம்மா, பால இறக்குங்கன்னு ஒரு குரல் குட்த்துது. ஆபீசர் வந்தாக்கூட மனுசன் அவ்ளோ வேகமா எய்ந்து நின்னு நான் பாக்கல!"

ஆபீசில் இரண்டு விஷயம் மட்டும் எங்களுக்குப் புரியாமலே இருந்தது. ஒன்று, டெஸ்பாட்ச் கிளார்க் ரஹீம் பாயின் வாட்ச். பாய் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், தங்கமான மனிதர், என்னை 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அவர் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச். எங்கள் ஹாலில் கையில் வாட்ச் கட்டியவர் அவர் ஒருவர்தான். அது காலையில் சுவர்க் கடிகாரத்தைவிடப் பதினைந்து நிமிஷம் வேகமாக இருக்கும். சாயங்காலம் பார்த்தால் சரியாக இருக்கும்.

"உங்க வாட்ச்சுக்குக் கட்டுப்பாடு இல்ல பாய்" என்பார் ரெகுலேட்டர்.

பாய் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டார். கடைக்காரர்கள் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார்கள். "நாஸ்தா துண்ட உடனே ஓடுது, சோறு துண்டா அடங்கிடுது. வாட்ச்சா, மனுசனா இது? ஒரே பேஜாரா கீது தங்கச்சி" என்று என்னிடம் புலம்புவார். மாமனாரிடம் சொல்லவும் முடியாது.

இன்னொன்று, எங்கள் சாப்பாட்டு நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வரை. பின்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, குழம்பு சாதம் முடித்து, மோர் சாதத்தில் கை வைக்கும்போது மணி அடித்துவிடுவார். அந்த ஆபீசில் நாங்கள் யாரும் ஊறுகாயை நிதானமாக நக்கியதே கிடையாது. பக்கத்து அரிசி ஆலையில் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் எங்கள் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டும். "மில்காரன் அவசரக்காரன்" என்பார் ரெகுலேட்டர். நாங்களும் நம்பினோம்! கவர்மென்ட் கடிகாரத்தைச் சந்தேகப்பட எங்களுக்கு என்ன தைரியம்?

இப்படியே என் ப்ரொபேஷன் முடிய இரண்டே வாரம் பாக்கி. என் ஃபைலில் அந்த முதல் வார மெமோ ஒன்றுதான். அம்மா படுக்கையிலேயே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அன்று நான் வழக்கம்போல் ஓடி வந்து நுழைந்தால், ரெகுலேட்டரின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். மெட்ராஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர். எங்கள் ஆபீசரோ டூரில். வருகைப் பதிவேடு வந்தவர் கையில். ரெகுலேட்டர் பக்கத்தில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"மணி என்னம்மா?" என்றார் புதியவர்.

சுவரைப் பார்த்தேன். "பத்து மூணு சார்."

அவர் கையை நீட்டித் தன் வாட்ச்சைக் காட்டினார். பத்து பதினெட்டு.

அப்போது பின்னால் நாற்காலி விழுகிற சத்தம். ரஹீம் பாய் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். "சார்! என் வாட்ச்சும் பத்து பதினெட்டு சார்! பாருங்க சார்! ரெண்டு வருசமா இதான் சொல்லிகினு கீறேன், ஒருத்தன் நம்பல சார்! என் வாட்ச்சு மேல தப்பே இல்ல சார்!"

சந்தோஷத்தில் பாயின் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "யா அல்லா" என்று முனகிக்கொண்டே போய், விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். "ப்ரொபேஷன்ல இருக்கற பொண்ணு. சேர்ந்த வாரம் மூணு நாள் லேட். அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட லேட் இல்ல. நல்லா இருக்கே! கடிகாரத்தைத் திருப்பி வெச்சது யாரு? யாரைக் கையில போட்டுக்கிட்டேம்மா? இந்தப் பியூனா?"

"அய்யய்யோ, நான் இல்ல சாமி! சாவி எங்கிட்ட கெடையாது, அது எங்க கீதுன்னு சொல்லக்கூட முடியாது சார்!" என்று மாணிக்கம் பதறினார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆபீசர் ரெகுலேட்டர் பக்கம் திரும்பினார். "உங்க சர்வீஸ் ரிக்கார்டு சுத்தமா இருக்கு. பழைய கடிகாரம், தானா ஸ்லோ ஆயிருக்கும், அப்படித்தானே? நீங்க அப்படி எழுதிக் குடுத்தா உங்க பேர்ல ஒண்ணும் வராது. தெரிஞ்சே அதைப் பயன்படுத்திக்கிட்டதுக்கு இந்தப் பொண்ணு மேல மட்டும் நடவடிக்கை எடுத்துக்கறேன்."

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. ரெகுலேட்டர் ஆட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவமானப்பட்ட குரலில் சொன்னார்: "சார், என் கட்டுப்பாட்டில இருக்கற கடிகாரம் தானா எல்லாம் ஸ்லோ ஆகாது."

பீரோவைத் திறந்து அந்தத் தனி ஃபைலை எடுத்து நாடாவை அவிழ்த்து நீட்டினார். அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட மெமோக்கள் எல்லாவற்றையும் நான்தான் டைப் அடித்தேன் என்று நினைத்திருந்தேன். அடியில் ஒன்று, நான் பார்க்காதது, கையால் எழுதியது. ஆபீசர் உரக்கப் படித்தார்.

"அலுவலகக் கடிகாரத்தைத் தினமும் காலையில் பதினைந்து நிமிஷம் பின்னுக்கு வைத்தது ஏன் என்று விளக்கம் தரவும்."

அடுத்த பக்கம். "தட்டச்சர் தந்தையை இழந்து குடும்பத்தைத் தாங்க வந்தவர். அவர் வரும் ரயில் சிக்னலின் கட்டுப்பாட்டில் உள்ளது. சிக்னல் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பது தெரியவில்லை. கடிகாரம் மட்டுமே என் கட்டுப்பாட்டில் உள்ளது. எனவே அதைத் திருப்பினேன்."

அதன் கீழே தீர்ப்பு. "விளக்கம் ஏற்கப்படவில்லை. குற்றம் நிரூபணமானது. இந்தக் குற்றம் நீடிக்கும் நாள் வரை தேநீர் நிறுத்தம். தினமும் வாங்கி எதிரில் வைத்துப் பார்க்கவும்."

"அடப்பாவி மனுசா!" என்று மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா நான் குட்ச்சது உன் தண்டனையவா!"

இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் ஃபைலை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு குற்றவாளியை அவர் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருந்தாலும் அரசாங்க நேரம், தினமும் பதினஞ்சு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

"நஷ்டம் இல்ல சார்" என்றார் ரெகுலேட்டர். "சாப்பாட்டு நேரத்தில எல்லாரும் பின்கட்டில இருக்கும்போது முள்ளைப் பதினஞ்சு நிமிஷம் முன்னால தள்ளி வசூல் பண்ணிட்டேன்."

ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு. இரண்டு வருஷ மோர் சாதம்! ரஹீம் பாய் தன் வாட்ச்சைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் பேனாவை எடுத்தார். "ஆபீஸ் நேரம்னா ஆபீஸ் கடிகாரம் காட்டற நேரம்தான். இந்தப் பொண்ணோட கையெழுத்து கோட்டுக்கு மேல இருக்கு, அதில நான் கை வைக்க முடியாது. ஆனா கடிகாரத்தில கை வெச்சவரை நான் விட முடியாது."

ஒரே வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிய கிளை ஆபீஸ். கரண்டே கிடையாது. கடைசி நாள் சாயங்காலம் ரெகுலேட்டர் குமிழைக் கழற்றவில்லை. சுவரிலேயே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கிப் போனார். அந்தக் கோடை முழுக்க யாரும் அதை மூன்றுக்குக்கூடத் திருப்பவில்லை. மாணிக்கமே திருப்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் சரியான நேரத்துக்கு வந்தது. ஒன்பதாவது படிக்கிற என் தங்கை அடுப்படியை ஏற்றுக்கொண்டாள், நான் இன்னும் முந்தின ரயிலைப் பிடித்தேன்.

ப்ரொபேஷன் முடிந்து மூன்று மாசம் கழித்து, ஒரு வழியாக வேலை நிரந்தரமான உத்தரவு வந்த மறுநாள், லீவு போட்டுவிட்டு அதன் நகலை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்லலாம் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

கிளை ஆபீஸ் என்பது ஒரு கூரைக் கொட்டகை. நாலு பக்கமும் கடல் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. மேஜை மேல் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கல். எல்லாம் சிற்பிகள் வேண்டாம் என்று எறிந்தவை. ஒரு மனு மேல் யானையின் கால், இன்னொன்றின் மேல் யாருடைய மூக்கோ. ஆனால் நாற்காலியில் ஆள் இல்லை. வெளியே மணலில், ஒரு கட்டுமரத்தின் மேல், கையில் டீ டம்ளரோடு ரெகுலேட்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே மீன் கூடையோடு ஒரு பெண்.

"இன்னா சாரே, என் மனு இன்னாதான் ஆச்சி?"

"பரிசீலனையில இருக்கும்மா அஞ்சலை."

"அது எந்த ஊர்ல கீது? பஸ்ஸு கீதா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "யாரு சாரே, உன் பொண்ணா? இந்த சார இட்டுகினு போய்டாத. கடுதாசி படிக்க எங்களுக்கு வேற நாதி இல்ல." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆபீஸ் நேரத்தில் இவர் மணலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குத் திகைப்பு. அவரே சொன்னார். "பத்து மணிக்கு இங்க யாரும் வர மாட்டாங்கம்மா. கட்டுமரம் கரைக்கு வந்தாதான் வருவாங்க. கட்டுமரம் காத்து சொன்னாதான் வரும். முதல் மாசம் சிவப்பு மையோட உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் நானே இங்க வந்து உட்கார்ந்துட்டேன்." சொல்லிவிட்டுத் தும்மினார். சத்தமாக, இரண்டு தடவை. மூக்கைப் பிடிக்கவே இல்லை.

உத்தரவை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "ரெண்டாம் பாராவில ஒரு காற்புள்ளி விட்டுப் போச்சு" என்றார். பத்திரமாக மடித்துக் கொடுத்தார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. "என்னாலதான சார் உங்களுக்கு இந்தக் கஷ்டம்" என்று அழுதுவிட்டேன். இந்தத் தடவை அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

"ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? ரெண்டு வருஷம் உங்களை நான் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா நீங்க நிதானமா நடந்து வந்திருப்பீங்க" என்றார் ரெகுலேட்டர்.

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பல் வரிசை அழகாக இருந்தது. இரண்டு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மூன்று மணி பஸ்ஸுக்கு ரோடு வரைக்கும் கூடவே வந்தார். வழியில் அம்மாவின் இடுப்பைப் பற்றிக் கேட்டார், தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பஸ் வந்ததும் ஏறிக் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். ரோட்டு நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ் சவுக்குத் தோப்பைத் தாண்டியது, இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா போனதற்கப்புறம் என்னை யாரும் அப்படி வழியனுப்பியதில்லை. அவர் உருவம் ஒரு புள்ளியாகிற வரை கை நிற்கவே இல்லை. நானும் நிறுத்தவில்லை.